முதல் வகை அணை

சம்மனசூர்,
21 ஜனவரி 2024

பாசமுள்ள அக்காவுக்குத் தம்பி கஸ்பாரின் தோத்திரம்.

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் சவுரியம்மாளும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மடத்தில் மணிக்கணக்காக முழந்தாளிடுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று சவுரி கேட்கச் சொன்னாள்.

நல்ல செய்தியோடுதான் எழுதுகிறேன். நம் அனிஷா உதவிப் பொறியாளராக எருமைப்பள்ளம் அணைக்கே வந்துவிட்டாள். அந்த அணைக்கு அப்பா கல் சுமந்தார். அதே அணைக்கு அவர் பேத்தி ஜீப்பில் வந்து இறங்கினாள். ஊரே திரண்டு கரைமேல் நின்றது. பக்கத்து வீட்டுச் சென்னப்பன் மாலை வாங்கி வந்திருந்தான். "இனிமே தண்ணிக்கு நம்ம யாரையும் கெஞ்ச வேணாம், நம்ம புள்ளையே சாவிய வெச்சிருக்கா" என்று அவன் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கீழ்க்காட்டில் நெல், மேலே மஞ்சள். இரண்டும் கால்வாய்த் தண்ணீரில் செழிப்பாக நிற்கின்றன. கல்யாணப் பேச்செடுத்தால் மட்டும் அனிஷா, "இருங்கப்பா, பொறவு பேசலாம்" என்கிறாள். அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி,
கஸ்பார்


மடம், கொடைரோடு,
9 பிப்ரவரி 2024

தம்பி கஸ்பாருக்கு, உன் வீட்டுக் கதவு நிலையில் சமாதானம் தங்குவதாக.

உன் கடிதத்தை மதர் சாப்பாட்டு அறையில் சத்தமாகவே வாசித்தார்கள். ஜீப் வந்த இடத்தில் சகோதரிகள் எல்லோரும் சிரித்தார்கள். நான் இந்த மடத்துக்குள் வந்தபோது அனிஷா பிறக்கவில்லை. வெளியே வரக் கூடாத மடம், பார்வையாளர் அறைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் அவளை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டாம் முறை பார்த்தபோது, "அத்தை, இந்தக் கம்பிய யாரு செக் பண்றாங்க? துரு புடிச்சிருக்கு" என்றாள். ஏழாம் வகுப்பு. அப்போதே அவள் என்ன ஆவாள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முழங்கால் பரவாயில்லை. பூசைக்கான அப்பம் சுடும் வேலையிலிருந்து என்னை மாற்றித் தோட்டத்தில் விட்டிருக்கிறார்கள். வரும் புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. பாஸ்கா வரை மடத்து ஒழுங்குப்படி எழுத முடியாது. கல்யாணத்துக்கு அவளை அவசரப்படுத்தாதே.

உன் அக்கா,
மிக்கேலம்மாள்


சம்மனசூர்,
14 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்குத் தோத்திரம். உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். நாங்கள் நலம், உங்கள் நலம் அறிய ஆவல்.

இங்கே நிலைமை சரியில்லை. அணையைச் சோதித்து, முதல் வகை என்று போட்டுவிட்டார்கள். முதல் வகை என்றால் பெருமை என்று நினைத்துவிடாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் ஆபத்து வரலாம் என்று அர்த்தமாம். அணை சரியாகும் வரை தண்ணீரைப் பாதிக்குக் கீழேயே வைக்க வேண்டும் என்று உத்தரவு. அந்த மட்டத்தில் பவர் ஹவுஸும் ஓடாது, நம் கால்வாயிலும் தண்ணீர் ஏறாது. சரிசெய்ய எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை.

நெல் பால் பிடிக்கும் நேரத்தில் காய்ந்துவிட்டது. மஞ்சளும் சுருண்டுகொண்டிருக்கிறது. இளவட்டங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். அறுபது வருடமாக நிற்கிற அணைக்கு இப்போது திடீரென்று என்ன வந்தது? ஆபீசில் உட்கார்ந்துகொண்டு யாரோ எழுதியிருக்கிறார்கள்.

சவுரி நலமாக இருக்கிறாள்.

கஸ்பார்


மடம், கொடைரோடு,
2 மே 2024

தம்பி கஸ்பாருக்கு, வறண்ட நிலத்திலும் ஊற்றைத் திறப்பவர் உன்னோடு இருப்பாராக.

நெல்லைப் பற்றி வாசித்ததும் மனம் கனத்துப்போனது. உங்கள் ஊருக்காக இங்கே மழை மன்றாட்டுச் சொல்கிறோம்.

"யாரோ எழுதியிருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். அந்த அணைக்கு உதவிப் பொறியாளர் நம் அனிஷா அல்லவா? அவளைக் கேட்டால் தெரிந்துவிடுமே. உன் கடிதத்தில் நெல்லைப் பற்றியும் மஞ்சளைப் பற்றியும் இருக்கிறது, அவள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. நலமாகத்தானே இருக்கிறாள்? ஒரு வரியாவது எழுது.

மிக்கேலம்மாள்


சம்மனசூர்,
28 ஜூலை 2024

அக்காவுக்குத் தோத்திரம். நலம்.

தண்ணீர் விஷயம் முடிந்துவிட்டது. ஊர் மக்கள் எல்லோரும் தருமபுரிக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் முறையிட்டோம். விசாரணை வைத்தார்கள். பிறகு வேறு ஆட்கள் வந்து அணையைப் பார்த்துவிட்டு, இரண்டாம் வகை என்று மாற்றிவிட்டார்கள். பழுது உண்டு, ஆனால் உடனடி ஆபத்து இல்லை என்று அர்த்தம். இனி தண்ணீரைத் தேக்கலாம். ஊரில் பொங்கல் வைத்துக் கொண்டாடினார்கள். கோயில் பெரியதனக்காரர் எனக்குத் துண்டு போர்த்தினார்.

ஆடி பதினெட்டுக்கு விதைக்கப் போகிறேன். வேலை அதிகம். வேறு விசேஷமில்லை.

கஸ்பார்


தருமபுரி,
18 ஆகஸ்ட் 2024

அன்பு அத்தைக்கு அனிஷாவின் வணக்கம். சுகமாக இருக்கிறீர்களா? என் கையெழுத்தை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறீர்கள். ரொம்ப மோசமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா உங்களுக்கு என்ன எழுதினார் என்று தெரியாது. அம்மாவிடம் கேட்டேன். "உன் பேர எழுத மாட்டேங்கறார் சாமி" என்றார். அதனால் நானே சொல்கிறேன்.

அணையை முதல் வகை என்று எழுதியவள் நான்தான்.

உபரித் தண்ணீர் போகும் ஷட்டர்களுக்கு நடுவே கல் தூண்கள் நிற்கும். அவற்றில் ஒன்று அடியில் விரிசல் விட்டிருக்கிறது. அணைக்குள் இருக்கும் நடைவழியில் ஊறும் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்து வருகிறது. சுவர் தன்னையே தின்றுகொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பெருமழை வந்து ஷட்டர் வரை தண்ணீர் அழுத்தினால் அந்தத் தூண் நிற்காது. அதற்கு நேர் கீழே நம் ஊர்.

அறிக்கையை அனுப்பும் முன் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். போட்டோவைக் காட்டினேன். ஆனால் அன்றைக்கே, அப்பாவுக்கு யாரோ ரஞ்சித்குமாரைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அவர் பவர் ஹவுஸ் பொறியாளர். நானும் அவரும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தோம். வேறு மதம் என்பதால் அப்பா சம்மதிக்கவில்லை. போட்டோவை அவர் கையில்கூட வாங்கவில்லை. "அவன் பேரச் சொல்லு மொதல்ல" என்றார்.

ஜூலையில் விசாரணை. அதிகாரி அப்பாவைப் பார்த்து, "நீங்க பொறியாளரோட அப்பாவா? உங்க மகள் எழுதுனது சரியில்லைன்னு நீங்களே சொல்றீங்களா?" என்று கேட்டார். அப்பா எழுந்து நின்றார்.

"அது ரிப்போர்ட் இல்லீங்க சார், கோவம். அவ கேட்ட பையனுக்குக் கட்டி வெக்க மாட்டேன்னு சொன்னேன். அந்தக் கோவத்துல எங்க வவுத்துல அடிச்சிட்டா."

ஊர் மொத்தமும் அங்கே இருந்தது, அத்தை. என் மேலதிகாரிகள் இருந்தார்கள். ரஞ்சித்தும் இருந்தார். யாரோ சிரித்தார்கள். நான் தூணைப் பற்றிப் பேச எழுந்தேன். ஒருவரும் தூணைப் பற்றிக் கேட்கத் தயாராக இல்லை. தண்ணீரைத் தேக்க அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அப்பா கொடுத்தார்.

என்னைத் தருமபுரி அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அணைப் பக்கம் போகக் கூடாது. ரஞ்சித் வீட்டில், சபையில் பெயர் நாறிய பெண் வேண்டாம் என்றுவிட்டார்கள். அம்மா மட்டும் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னைப் பார்ப்பார். டிபன் பாக்ஸில் கருவாட்டுக் குழம்பு இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பாவைத் திட்டாதீர்கள். மழைக்காலத்துக்கு முன் தண்ணீரைக் குறைக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

அனிஷா


மடம், கொடைரோடு,
8 செப்டம்பர் 2024

தம்பி,

இன்று மாதா பிறந்தநாள். உனக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் வேறு எழுத வேண்டியிருக்கிறது.

கலெக்டர் ஆபீசில் நீ என்ன சொன்னாய் என்று அனிஷா எழுதியிருக்கிறாள். உன்னைத் திட்ட வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறாள், அதனால் திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அவள் கோபத்தில் எழுதினாள் என்று நீ உண்மையாகவே நம்பினாயா? நம்பினால் எனக்கு அப்படியே எழுது. நம்பாமல் சொல்லியிருந்தால், எனக்கு எழுதாதே. பஸ் ஏறித் தருமபுரிக்குப் போய் அவளிடம் சொல்.

அணையில் தண்ணீரைக் குறைக்க ஊரைக் கூட்டிப் பேசு. நீ சொல்லி ஏற்றிய தண்ணீர். நீ சொன்னால் இறக்குவார்கள்.

மிக்கேலம்மாள்


சம்மனசூர்,
17 நவம்பர் 2024

அண்ணிக்கு சவுரியம்மாள் எழுதிக்கொள்வது. கும்பிடுறேன் அண்ணி. சவுக்கியமா?

உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதமாக அவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. துவைக்கும்போது நான்தான் எடுத்து வைக்கிறேன், மறுபடியும் எடுத்து வைத்துக்கொள்கிறார். பதில் எழுதுங்கள் என்றால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறார். நான் எட்டாவது வரை படித்தவள்தானே, நானே எழுதிவிட்டால் என்ன என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை, உங்களுக்குத் தெரியும். அனிஷா காலேஜுக்குப் போனபோது பஸ்ஸுக்குப் பின்னாலேயே டிவிஎஸ்ஸில் அரூர் வரை போனவர். இப்போது ஊர் துண்டு போர்த்திவிட்டது, அதைத் தோளிலிருந்து இறக்கத் தெரியவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது, "தண்ணியக் கொறைக்கச் சொன்னா என்னை என்னன்னு சொல்லுவாங்க சவுரி?" என்றார். "மனுசன்னு சொல்லுவாங்க" என்றேன். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். ஆனாலும் கேட்டாரே, அதுவே பெரிது.

அணை தளும்ப நிற்கிறது. நெல் கதிர் வாங்கிவிட்டது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை. பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் இடுப்பு உடைந்து படுத்திருக்கிறாள். அவள் மகன் சென்னப்பன் காட்டு வேலைக்குப் போனால் நான்தான் கஞ்சி ஊற்றுகிறேன். விசாரணைக்குப் போனபோது என் மகளைக் கேட்காத வார்த்தை கேட்டவள் அவள். இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

கிறிஸ்துமசுக்கு அனிஷாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அப்பாவும் மகளும் ஒரே வாசலில் நின்றால் பேசாமலா இருப்பார்கள்? ரெண்டு பேருக்கும் மூக்கு மேல்தான் கோபம், உங்கள் வம்சம். எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் அண்ணி.

சவுரியம்மாள்


மடம், கொடைரோடு,
6 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கும் சவுரியம்மாளுக்கும்,

திருவருகைக் காலத்தில் கடிதம் எழுத எங்களுக்கு அனுமதியில்லை. அரூர்ப் பக்கம் பெருவெள்ளம் என்று செய்தி வந்ததும் மதர் தாமாகவே என்னைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தார்கள். எப்படி இருக்கிறீர்கள்? அணை எப்படி இருக்கிறது? கார்டில் ஒரு வரி போதும்.

சவுரி, உன் கடிதம் வந்தது. அதை வாசித்துவிட்டுத் தோட்டத்தில் தனியாகச் சிரித்தேன். கிறிஸ்துமஸ் முடிந்ததும் உனக்குத்தான் முதல் கடிதம்.

மிக்கேலம்மாள்


அரூர்,
19 ஜனவரி 2025

அக்காவுக்கு,

மடத்துக்குப் போன் செய்து சொல்லிவிடலாம் என்று பங்குச் சாமியார் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். நானே எழுத வேண்டும் என்று நினைத்தேன். இத்தனை நாளும் எழுத வரவில்லை.

சவுரியம்மாள் போய்விட்டாள், அக்கா.

டிசம்பர் முதல் ஞாயிறு. முந்தின நாளிலிருந்தே வானம் பிளந்ததுபோல் மழை. பூசை நடக்கும்போது அனிஷா போன் செய்திருக்கிறாள். சவுரி வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, கோயில் நடுவில் நின்றாள். சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டார்.

"எம் மவ சொல்றா. தூண் நிக்காதாம். எல்லாரும் எந்திரிச்சு மேட்டு ஸ்கூலுக்குப் போங்க. துணிமணி எடுக்கப் போவாதீங்க."

எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. "உக்காரு சவுரி" என்றேன். அவள் உட்காரவில்லை. "நீங்க உக்காந்திருங்க. நான் ஊரக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள். கோயிலுக்குள் எல்லோர் காதிலும் விழுந்தது. முதலில் பெண்கள் எழுந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். கோயில் ஆட்கள், மற்ற ஆட்கள் என்று பார்க்காமல் எல்லோரையும் மேட்டில் ஏற்றினாள்.

நான் கீழ்க்காட்டுக்குப் போனேன். மோட்டார் நனைந்துவிடுமே என்று கழற்றப் போனேன்.

குள்ளம்மாளைத் தூக்க சென்னப்பனும் சவுரியும் திரும்பப் போயிருக்கிறார்கள். கட்டிலோடு வாசல் வரை கொண்டுவந்தபோது மேலே சத்தம் கேட்டதாம். அந்தத் தூண் சாய்ந்து இரண்டு ஷட்டர்கள் போய்விட்டன. சென்னப்பன் தன் அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தில் ஏறிவிட்டான். சவுரிக்குக் கை கொடுத்திருக்கிறான். எட்டவில்லை. "நீ ஆத்தாவப் புடி" என்று சொன்னாளாம்.

மூன்றாம் நாள் மஞ்சள் காட்டில் கிடைத்தாள்.

ஊரில் வேறு ஒரு உயிரும் போகவில்லை. கோயில் பாதி இருக்கிறது. தண்ணீர் வருமுன் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு மேடேறிவிட்டேன் அக்கா. மோட்டாரும் இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

அனிஷா வந்தாள். அம்மா முகத்தைத் துடைத்துவிட்டாள், புடவை கட்டிவிட்டாள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போது அரூரில் ஒரு வாடகை வீட்டில் என்னையும் வைத்துக்கொண்டிருக்கிறாள். காலையில் எனக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டு ஆபீசுக்குப் போகிறாள்.

செப்டம்பரில் நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. நான் நம்பவில்லை அக்கா. அவள் பொய் எழுத மாட்டாள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

கஸ்பார்


மடம், கொடைரோடு,
2 பிப்ரவரி 2025

என் தம்பி,

ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடம் செபம் செய்தவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. சவுரிக்குப் பதில் எழுதாமலே இருந்துவிட்டேனே என்றுதான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஒழுங்கு ஒழுங்கு என்று காத்திருந்தேன்.

நம்பவில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறாய். என்னிடம் சொல்லி என்ன பயன்? நீ அவளைப் பொய்க்காரி ஆக்கியது ஊர் நடுவில். நான் கம்பிக்குள் இருக்கிறேன், வர முடியாது. நீ போகலாம்.

சாப்பிடு. தூங்கு. அவள் வீட்டுக்கு வரும்போது விளக்கைப் போட்டு வை.

அக்கா


அரூர்,
4 மே 2025

அன்புள்ள அக்காவுக்குத் தோத்திரம். உங்கள் முழங்காலுக்கு ஆபரேஷன் என்று மதர் எழுதியிருந்தார்கள். இப்போது நடக்க முடிகிறதா? நான் சாப்பிடுகிறேன். அனிஷாவும் நலம்.

தவக்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன், அப்படியே ஆயிற்று. அணை உடைந்தது பற்றி மறுபடி விசாரணை வைத்தார்கள். அதே கூடம். ஊர் மொத்தமும் வந்திருந்தது. என் முறை வந்ததும் எழுந்தேன்.

"போன வருசம் இதே எடத்துல நின்னு எம் பொண்ணு கோவத்துல எழுதினான்னு சொன்னேங்க. அது பொய்ங்க. அவ எனக்குக் காட்ட வந்தா, நான் பாக்கல. ஊரு என்ன சொல்லுமோன்னு பயந்து சொன்னேன். எம் பொண்டாட்டி போயிட்டா. அவ எழுதுனது நெசம்னு எழுதிக்கோங்க."

சென்னப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அனிஷா கடைசி வரிசையில் இருந்தாள். எழுந்து வந்து, "உக்காருங்கப்பா" என்றாள். அவ்வளவுதான்.

அவளை மறுபடி அணைக்கே போட்டிருக்கிறார்கள். இப்போது மறுபடி முதல் வகை. தண்ணீரை முழுக்க வடித்துவிட்டார்கள். ஊர் ஆட்களுக்கு அரூர் ரோட்டுக்கு மேலே மேட்டில் இடம் கொடுப்பதாகச் சொல்கிறார்கள். சிலர் பெங்களூரிலேயே தங்கிவிட்டார்கள். கல்லறைத் தோட்டம் மட்டும் கீழேயே இருக்கும்.

போன வாரம், "வர்றீங்களா?" என்று கேட்டாள். ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனாள். கரைமேல் நடந்து உடைந்த இடத்தில் நின்றோம். தூண் நின்ற இடத்தில் கம்பிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கல்லெல்லாம் உள்ளே வெள்ளையாக, கரைந்து, விரல் பட்டால் உதிர்ந்தது. அப்பா சுமந்த கல்.

எனக்குத் தாங்கவில்லை. "இத அன்னைக்கே நேர்ல கூட்டியாந்து காட்டியிருக்கக் கூடாதா சாமி?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "காட்டத்தான் வந்தேன்பா. நீங்க ரஞ்சித் பேரத்தான் கேட்டீங்க" என்றாள்.

கீழே ஊர் தெரிந்தது. கூரையில்லாத கோயில், காய்ந்த கால்வாய். நாம் நினைப்பதைவிட ஊர் சின்னதாகத்தான் இருக்கிறது.

இருந்த தைரியத்தை எல்லாம் கூட்டிக்கொண்டு சொன்னேன். "அந்தத் தம்பிய ஒரு நாள் வூட்டுக்கு வரச் சொல்லு. நானே அவங்க அப்பா அம்மாகிட்டப் போயிப் பேசறேன். மதம் கிதம் எதுவும் வேணாம். ரஞ்சித்து நல்ல புள்ளதான்."

அவள் கொஞ்சம் சிரித்தாள். அம்மாவின் சிரிப்பு.

"அவருக்குத் தை மாசமே கல்யாணம் ஆயிருச்சுப்பா" என்றாள். "பத்திரிக அனுப்பியிருந்தார். நல்லா இருக்கட்டும்."

வெயில் ஏறிவிட்டது என்று சொல்லி முன்னால் நடந்தாள். இறங்கும் படிகள் ஓரிடத்தில் பெயர்ந்திருந்தன. கீழே நின்று, மேலே பார்க்காமல், எனக்காகக் கையை மட்டும் நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன்.

உங்கள் தம்பி,
கஸ்பார்